அலமாரிச் சாவி என்னிடம்தான் இருந்தது

என் கொழுந்தன் அந்தோணி விழுந்த சத்தம் என் காதுக்கு எட்டவில்லை. அவர் கையிலிருந்து நழுவிய மின்சாரத் துளைக்கருவி சிமெண்டுத் தரையில் கிடந்து, நிறுத்துவார் இல்லாமல் சுழன்றுகொண்டிருந்த சத்தம்தான் எட்டியது.

மழை பெய்து ஓய்ந்த காலை நேரம். பட்டறையை ஒட்டிய அறையில் குழந்தைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்த நான், கிண்ணத்தைக் கையில் பிடித்தபடியே ஓடினேன். பாதி கட்டிய பஸ்ஸின் மரச்சட்டத்தில் முதுகு சாய்ந்து அந்தோணி தரையில் உட்கார்ந்திருந்தார். கண் திறந்திருந்தது, பார்வை இல்லை. வலது உள்ளங்கையின் குறுக்கே ஒரு கோடு வெளுத்துக் கிடந்தது. முடி கருகிய வாடை வீசியது.

என் கணவர் சுவரிலிருந்த சுவிட்சை அணைத்தார். கருவி மெல்ல மெல்ல நின்றது. அந்த அமைதியில் அந்தோணி பேசிய முதல் பேச்சு வலியைப் பற்றியதாக இல்லை.

"நேத்து இதைக் கடைசியா யாரு எடுத்தது?"

பட்டறையில் இருந்த ஐந்து பேரும் ஒரே பக்கம் திரும்பினார்கள். இரும்பு வேலை பார்க்கும் காதர், கையில் சுத்தியலோடு சட்டத்தின் மறுபக்கம் நின்றிருந்தார்.

"நான்தான் எடுத்தேன்" என்றார் அவர். "நல்லாத்தானே இருந்துச்சு."

எத்தனையோ ஆண்டுகள் கழித்தும் அந்தக் காட்சியில் என் கண் தேடிப் போவது காதரின் முகத்தைத்தான். அந்த முகத்தில் பயம் இருந்தது. பயத்தைக் குற்றத்தின் அடையாளமாகப் படிக்க அன்று எனக்கு ஒரு நொடிகூடத் தேவைப்படவில்லை.

செங்கால் மரமும் புதுக் கருவியும்

பினாங்கில் எங்கள் பட்டறை சூலியா தெருவுக்குப் பின்புறச் சந்தில் இருந்ததென்று முன்பே எழுதியிருக்கிறேன். கப்பலில் வரும் லாரிகளுக்கு எஞ்சினும் சக்கரமும் இரும்புச் சட்டமும் மட்டுமே இருக்கும். அதன்மேல் மரத்தால் பெட்டி கட்டி, இருக்கை போட்டு, கூரை வேய்ந்து பஸ்ஸாக்கித் தருவது எங்கள் வேலை. தீவின் கரடுமுரடான சாலைகளைத் தாங்கச் செங்கால் மரம்தான் ஏற்றது. அந்த மரம் இரும்புக்குத் தம்பி. கைத்துரப்பணத்தால் அதில் ஓர் ஓட்டை போடுவதற்குள் வேலையாள் இரண்டு முறை சட்டையைப் பிழிய வேண்டியிருக்கும்.

ஆகவே என் கணவர் மின்சாரத் துளைக்கருவி ஒன்றை வரவழைத்தார். அந்தக் காலத்தில் எங்கள் வட்டாரத்துப் பட்டறை எதிலும் அப்படி ஒன்று இல்லை. ஒரு கைக்குழந்தையின் கனம். வெள்ளி நிறத்து உலோக உடம்பு. கைப்பிடியின் வாயிலிருந்து நீளும், ரப்பர் உறையிட்ட கறுப்பு ஒயர். முதல் நாள் செங்காலில் அது இறங்கிய வேகத்தைப் பார்த்து, பசியாறப் போன ஆட்கள் பாதியில் திரும்பி வந்தார்கள்.

பெட்டிக்குள் அந்தக் கருவியோடு ஆங்கிலத்தில் ஒரு சிறு புத்தகமும் இருந்தது. கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தவள் என்ற காரணத்தால் அது என் கைக்கு வந்தது. மூன்று நாள் உட்கார்ந்து, புரிந்த பகுதிகளைத் தமிழில் எழுதினேன். மூடி கழற்றுவதற்கு முன் மின்சாரத்தை நிறுத்து. ஈரக்கையால் தொடாதே. ஒயரைப் பிடித்துக் கருவியைத் தூக்காதே. சுழலும் பாகங்களுக்கு வாரம் ஒரு முறை எண்ணெய் இடு. எழுதிய தாளை அலமாரிக் கதவின் உட்புறத்தில் கஞ்சிப்பசையால் ஒட்டினேன்.

"அண்ணி ஜெபப் புத்தகத்தைவிட இந்தப் புத்தகத்தைத்தான் அதிகமாப் படிக்கிறாங்க" என்று அந்தோணி எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தார். சிரித்தவர் தாளைப் படிக்கவில்லை.

என் அலமாரி, என் சட்டம்

அலமாரியைப் பற்றிக் கொஞ்சம் பெருமை பேசிக்கொள்ள அனுமதி வேண்டும்.

பினாங்குக் காற்றில் உப்பு உண்டு. காலையில் துடைத்து வைத்த உளி மறுநாள் துருப் பூத்திருக்கும். ஆகவே அலமாரியின் அடித்தட்டில் ஈரத்தை இழுக்க அடுப்புக்கரி பரப்பினேன். கால்கள் நான்கையும் மண்ணெண்ணெய் ஊற்றிய டப்பாக்களில் நிறுத்தினேன். எறும்பும் கரையானும் ஏறாது. உளி, வாள், இழைப்புளி ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இடம். துளைக்கருவி நடுத்தட்டில், அதன் ஒயரைச் சுற்றி மேலே ஓர் ஆணியில் மாட்டினேன். சாவி என் இடுப்பில். யார் எதை எடுத்தார், எப்போது திருப்பினார் என்பதைச் சிலேட்டில் குறித்துக்கொண்டேன்.

பட்டறையின் மேஸ்திரியான அந்தோணிக்கு அந்தச் சிலேட்டைக் கண்டாலே ஆகாது. மழையில் நனைந்த கையோடு ஒரு நாள் அவர் கருவியைக் கேட்டபோது நான் கொடுக்க மறுத்தேன்.

"கையைத் துடைச்சிட்டு வாங்க."

"இது என் அண்ணன் பட்டறை லா, அண்ணி. கான்வென்ட் இல்லை."

"கான்வென்டா இருந்தா கை நீட்டச் சொல்லி அடிச்சிருப்பாங்க. நான் துடைக்கத்தானே சொல்றேன்."

ஆட்கள் சிரித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு இரண்டு வாரம் அவரும் நானும் பேசிக்கொள்ளவில்லை. கருவி வேண்டுமென்றால் வேறு யாரையாவது அனுப்புவார். ஒரே வீட்டில் ஒரே குழம்பைச் சாப்பிட்டுக்கொண்டு இரண்டு பேர் எவ்வளவு நாள் பேசாமல் இருக்கலாம் என்பதை அப்போது அறிந்தேன்.

சனிக்கிழமை அரைநாள்தான் வேலை. மதம் எதுவானாலும் எங்கள் ஆட்களில் பலருக்கு அன்று எண்ணெய் முழுக்கு. கடையிலிருந்து நல்லெண்ணெய் வாங்கிக்கொண்டு அவர்கள் கிளம்பியதும், அதே நல்லெண்ணெயில் துணியை நனைத்து நான் கருவிகளைத் துடைக்கத் தொடங்குவேன். அவற்றுக்கும் அன்று முழுக்கு. உளியின் முகம், வாளின் பல், துளைக்கருவியின் மூக்கு என ஒவ்வொன்றாகத் துடைத்து, கடைசியில் ஒயரையும் துணிக்குள் வைத்து, நுனியிலிருந்து கைப்பிடி வரை ஒரே இழுப்பாக இழுப்பேன். தோல் வார் வறண்டால் வெடிக்கும், எண்ணெய் காட்டினால் இளகும் என்பது சிறுவயதிலிருந்தே எனக்குத் தெரியும். கறுப்பு ஒயர் பளபளவென்று பாம்புபோல் மின்னும்போது, பெற்ற பிள்ளையைக் குளிப்பாட்டி எடுத்த நிறைவு இருக்கும்.

சந்தேகத்தின் வரிசை

விபத்து நடந்த அன்று பிற்பகலே, மின்சார வேலை தெரிந்த ஒரு சீனரை என் கணவர் அழைத்து வந்தார். அவர் கைப்பிடியைக் கழற்றினார். ஒயர் உள்ளே நுழையும் இடத்தில் ரப்பர் பிய்ந்து, உள்ளிருந்த செம்புக் கம்பி உலோக உடம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"கத்தியால சுரண்டியிருக்கான்" என்றார் அந்தோணி, கட்டுப்போட்ட கையை மார்போடு அணைத்தபடி.

சீனர் விரலை மோந்து பார்த்தார். "மிஞ்ஞாக் பாஞாக்" என்றார். மலாய் மொழியில் எண்ணெய் அதிகம் என்று பொருள். கருவிகளைப் பேணும் வீட்டுக்குக் கிடைத்த பாராட்டு அது என்று நான் தலையசைத்தேன். அவருக்கு அதற்குமேல் பேச நேரமில்லை. புது ஒயர் மாட்டி, மிச்சமான ஒரு முழத் துண்டை மேசையில் வைத்துவிட்டுப் போனார். வீணாக்க மனமில்லாமல் அதை என் தையல் பெட்டியில் போட்டேன்.

அன்று தொடங்கி நான் எல்லாரையும் சந்தேகித்தேன். முதலில் எலியை. அலமாரியைச் சுற்றி மாவு தூவி வைத்தேன். ஒரு கால்தடமும் விழவில்லை. பிறகு இரண்டு தச்சர்களை. ஒருவர் விடுமுறை கேட்டுக் கிடைக்காதவர். மற்றவர் காரணமில்லாமல் சிரிப்பவர். சொல்ல வெட்கமாக இருக்கிறது, என் கணவரைக்கூட ஓர் இரவு முழுக்கச் சந்தேகித்தேன். தம்பியோடு அவருக்கும் மனத்தாங்கல் உண்டு. ஆனால் எந்தப் பக்கம் போனாலும் எண்ணம் திரும்பி வந்து காதரிடமே நின்றது.

காதர் நாகூர்ப் பக்கத்துக்காரர். எங்களிடம் வருவதற்கு முன் துறைமுகத்தருகே ஒரு ரப்பர் கிடங்கில் வேலை செய்தவர். அதிகம் பேசமாட்டார். விபத்துக்குப் பிறகு அறவே பேசவில்லை. நான் அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் வேலையை நிறுத்திவிட்டு என் கைகளைப் பார்த்தார். நான் நிமிர்ந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மூன்றாம் நாள் அந்தோணி ஒரு செய்தி கொண்டுவந்தார். விபத்துக்கு முந்தைய வாரம், சூலியா தெருச் சாப்பாட்டுக் கடையில், பஸ் கட்டும் இன்னொரு பட்டறையின் முதலாளியோடு காதர் உட்கார்ந்து கோப்பி குடித்ததைப் பார்த்தவர் இருக்கிறார்.

"அவன் எதுக்கு நம்ம ஆளுக்குக் கோப்பி வாங்கித் தரணும்? சொல்லுங்கண்ணே" என்று என் கணவரைக் கேட்டார். "நம்மகிட்ட இந்தக் கருவி இருக்கிறதுதான் அவனுக்கு வயித்தெரிச்சல்."

என் கணவர் அவசரப்பட்டு யாரையும் தள்ளுகிறவர் அல்லர். பிறகு என்னைப் பார்த்தார். "நீ என்ன நினைக்கிறே?"

நான் படித்தவள் என்பதால் என்னைக் கேட்டார். நான் நிதானமானவள் என்று நம்பினார்.

"சாட்சி இல்லை. ஆனா அவர் கண்ணு சரியில்லை" என்றேன். "கொஞ்ச நாள் வேலைக்கு வர வேண்டாம்னு சொல்லுங்க."

மறுநாள் காதரை நிறுத்திவிட்டார்கள். அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தொப்பியைத் தலையில் சரிசெய்துகொண்டு, வாசலில் நின்ற என்னைப் பார்த்து, "வர்றேன்க்கா. பிள்ளையைப் பத்திரமாப் பாத்துக்குங்க" என்றார். அந்தப் பேச்சையும் நான் மிரட்டல் என்றே எண்ணி, அன்று மாலை முழுவதும் குழந்தையை இடுப்பிலிருந்து இறக்கவில்லை.

நூலும் மெழுகும்

காதர் போனபின் நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவர் ஒருவராகத்தான் செய்தாரா, உள்ளே துணை உண்டா என்று அடுத்த கேள்வி முளைத்தது.

கருவியைத் தொட ஆட்கள் அஞ்சினார்கள். அந்தோணியின் கை ஆறும்வரை அது அலமாரியிலேயே கிடக்கட்டும் என்று முடிவாயிற்று. எனக்கு அது ஒரு வாய்ப்பாகப் பட்டது. கதவின் இரண்டு கைப்பிடிகளையும் தையல் நூலால் கட்டி, முடிச்சின்மேல் கோயில் மெழுகுதிரியின் மெழுகை உருக்கி ஊற்றி, ஆறுவதற்குள், தைக்கும்போது மாட்டும் என் விரலுறையை அழுத்தினேன். அன்றாட உளிகளையும் வாள்களையும் வேறொரு பெட்டிக்கு மாற்றினேன். இனி யார் கை வைத்தாலும் மெழுகு சொல்லிவிடும்.

சனிக்கிழமைதோறும் நான் மட்டும் முத்திரையை உடைத்து, வழக்கம்போல் கருவியைத் துடைத்து எண்ணெயிட்டு, புதிய நூல் கட்டி, புதிய மெழுகு வைத்தேன். வாரங்கள் போயின. ஒவ்வொரு காலையும் முத்திரையைச் சோதித்தேன். விரலுறையின் புள்ளிகள் ஒன்றுகூடக் கலையவில்லை. இத்தனை கவனமாக ஒரு பொருளைக் காப்பவர் தீவில் வேறு யாரும் இரார் என்று எனக்குள் ஓர் இறுமாப்பு வளர்ந்தது.

இதற்கிடையில் காதரைப் பற்றி ஆட்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. பட்டறை வேலை அவருக்கு எங்கும் கிடைக்கவில்லை. முதலாளியின் தம்பியைக் கொல்லப் பார்த்தவன் என்ற பேச்சு அவருக்கு முன்பாகவே ஒவ்வொரு வாசலுக்கும் போய்விட்டது. அதே சாப்பாட்டுக் கடையில் மங்கு, தட்டு கழுவுகிறாராம். அவர் மனைவி அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி.

நான் அதைக் கேட்டேன். செய்த வினை என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன் என்பதை இங்கே எழுதாமல் விட்டால், இந்தத் தொடரை எழுதுவதில் பொருள் இல்லை.

பிசுபிசுப்பு

அந்தோணியின் கை ஆறியது. அவசர வேலை ஒன்றும் வந்தது. ஒரு திங்கட்கிழமைக் காலை, முத்திரையை உடைத்துக் கருவியை எடுத்தேன்.

ஒயர் என் விரலில் ஒட்டியது.

துடைத்துவிட்டு மறுபடி பிடித்தேன். மறுபடியும் ஒட்டியது. புதிதாக மாட்டியபோது விறைப்பாக இருந்த ரப்பர், ஊறவைத்த பருப்புபோல் உப்பியிருந்தது. மேலே ஆணியில் தொங்கிய சுற்றிலிருந்து எண்ணெய் ஒயர் வழியே இறங்கி, கைப்பிடியின் வாயில் தேங்கி நின்றது. அந்த இடத்தை நகத்தால் லேசாக அழுத்தினேன். ரப்பர் கறுப்புப் பசையாக நகத்தோடு வந்தது. உள்ளே செம்பு மின்னியது.

கத்தி தேவைப்படவில்லை. என் நகமே போதுமாக இருந்தது.

யார் செய்திருப்பார் என்றுதான் அப்போதும் என் மனம் முதலில் கேட்டது. பழக்கம் அப்படி. உடைந்த மெழுகைக் கையில் எடுத்துப் பார்த்தேன். சனிக்கிழமை நான் வைத்த மெழுகு, என் விரலுறையின் பதிவோடு. அதற்கு முந்தைய சனிக்கிழமையும் அப்படியே. அதற்கு முந்தையதும். இந்த அலமாரிக்குள் இத்தனை வாரமும் ஒரே ஒருவர்தான் கை வைத்திருக்கிறார்.

தையல் பெட்டியைத் திறந்து, சீனர் விட்டுப்போன ஒரு முழத் துண்டைத் தேடி எடுத்தேன். அதே ஒயர், அதே வயது. எண்ணெய் படாதது. விறைப்பாக, உலர்ந்து, நன்றாக இருந்தது. இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. ஆங்கிலப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். எண்ணெய் இடு என்று அது சொன்ன இடங்கள் எல்லாம் சுழலும் பாகங்கள். ஒயருக்கு இடு என்று எந்தப் பக்கத்திலும் இல்லை. அதை நானாகச் சேர்த்திருந்தேன், அன்பினால்.

அடுத்து வந்த எண்ணத்தையும் மறைக்கப் போவதில்லை. அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. ஒயரை வெட்டி அதில் போட்டுவிட்டால், காதர் போகுமுன் கெடுத்து வைத்தது என்று சொல்லிவிட்டால், ஒருவரும் மறுத்துக் கேட்கப் போவதில்லை. சாவி என் இடுப்பிலேயே இருக்கும்.

வெளியே அந்தோணியின் குரல் கேட்டது. "அண்ணி, கருவி எங்க? செங்கால் காத்துக்கிட்டு நிக்குது."

அந்தக் கருவிக்காகக் கையை நீட்டிக்கொண்டு அவர் வாசலில் நின்றார். உள்ளங்கையின் குறுக்கே தழும்பு இளஞ்சிவப்பாக இருந்தது. ஒருமுறை அந்தக் கையைத்தான் நான் துடைக்கச் சொன்னேன்.

"இன்னிக்குக் கருவி இல்லை" என்றேன். "எல்லாரையும் கூப்பிடுங்க. உங்க அண்ணனையும்."

சொன்னேன்

ஆட்கள் நடுவில் நின்று இரண்டு ஒயர்களையும் காட்டிச் சொன்னேன். சொல்லி முடித்ததும் அந்தோணி கெட்டுப்போன ஒயரை வாங்கிப் பிசைந்து பார்த்தார். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ தணிந்த குரலில், "அண்ணி, இது இதோட போகட்டும்" என்றார். "அவன் போயாச்சு. இப்ப வெளியே சொன்னா நம்ம வீட்டுக்குத்தான் அசிங்கம். முதலாளி பொண்டாட்டியே கொழுந்தனைக் கொல்லப் பாத்தான்னு ஊரு சிரிக்கும் லா."

"காதரை வச்சு இப்ப சிரிக்குதே, அது?"

என் கணவர் சட்டையை மாட்டிக்கொண்டு, "வா" என்றார்.

சூலியா தெரு நடந்து போகும் தூரம்தான். ஆண்கள் மட்டும் புழங்கும் அந்தக் கடைக்குள் நான் நுழைந்ததும் பேச்சு அடங்கியது. பின்கட்டில், குழாயடியில், காதர் குந்தி உட்கார்ந்து மங்குகளைக் கழுவிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்து, ஈரக்கையை வேட்டியில் துடைத்தார்.

"தப்பு என்னோடது, காதர்" என்றேன். "நீங்க ஒண்ணும் செய்யலை. நான்தான் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒயருக்கு நல்லெண்ணெய் போட்டேன். அதுலதான் ரப்பர் கெட்டுருச்சு."

அவர் வியப்படையவில்லை.

"தெரியும்க்கா" என்றார்.

என் கணவர் ஓரடி முன்னால் வந்தார். "என்ன தெரியும்?"

"ஒரு சனிக்கிழமை குடையை மறந்துட்டேன்னு திரும்பி வந்தேன்ணே. அக்கா தனியா உட்காந்து ஒயரை எண்ணெயில இழுத்துக்கிட்டு இருந்தாங்க. நான் ரப்பர் கிடங்குல இருந்தவன். ரப்பர் தகடுல எண்ணெய் பட்டா, அந்தத் தகட்டைத் தனியாத் தூக்கிப் போட்டுருவாங்க. சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அப்ப நான் பெருசா எடுத்துக்கலை. அந்தோணி அண்ணே விழுந்தப்பதான் பொறி தட்டுச்சு."

"பிறகு ஏன் சொல்லலை?" என்று நான் கேட்டேன்.

அவர் என் கணவரைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

"உங்களுக்குத் தெரியாம இருக்கும்னு நான் நினைக்கலைக்கா" என்றார். "இங்கிலீஷ் புஸ்தகம் படிக்கிறவங்க. உங்களுக்கும் அந்தோணி அண்ணனுக்கும் அப்பப் பேச்சு இல்லை. தெரிஞ்சேதான் செய்யுறீங்கன்னு நினைச்சேன்."

கடைக்குள் யாரோ நாற்காலியை இழுத்த சத்தம் கேட்டது.

"கைப்பிள்ளைக்காரி. நான் வாயைத் திறந்தா போலீசு வரும். அதான் நீங்க அலமாரியைத் திறக்கிறப்பெல்லாம் பாத்துக்கிட்டே இருந்தேன். ரெண்டாவது தடவை கை வச்சா அண்ணன்கிட்டச் சொல்லிரணும்னு இருந்தேன். அதுக்குள்ள என்னை நிறுத்திட்டீங்க."

நான் அவர் கண்ணைப் பற்றி என் கணவரிடம் சொன்ன வார்த்தை எனக்குள் எழுந்து நின்றது. அவர் என்னைக் காவல் காத்திருக்கிறார். என் கைகளைப் பார்த்ததும், பிள்ளையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னதும் அந்தக் காவலின் பகுதிகள். கொலைகாரி என்று நம்பிய ஒருத்தியைக் காட்டிக்கொடுக்காமல், அவள் சுமத்திய பழியையும் தூக்கிக்கொண்டு, இந்தக் குழாயடியில் உட்கார்ந்திருந்திருக்கிறார்.

"அந்தக் கோப்பி?" என்று என் கணவர் மெதுவாகக் கேட்டார்.

"வேலைக்கு வான்னு கூப்பிட்டாரு. உங்களை விட்டு வரமாட்டேன்னு சொல்லிட்டேன்ணே. பிறகு நீங்க நிறுத்தினப்ப அவர்கிட்டத்தான் போனேன். வாசல்லயே நிக்கவச்சு அனுப்பிட்டாரு."

என் கணவர் நாளைக்கே வரச் சொன்னார். எல்லாப் பட்டறைகளுக்கும் தாமே நேரில் போய் உண்மையைச் சொல்வதாகவும் சொன்னார். பின்னர் அப்படியே சொன்னார். காதர் கழுவிய மங்குகளைக் கவிழ்த்து அடுக்கினார்.

"வர்றேன்ணே. ஆனா ஒண்ணு. அக்கா கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லுங்க" என்றேன்.

"கருவியை உங்க கையால வாங்குறப்ப, உங்க முன்னாடியே ஒயரை முழுசாத் தடவிப் பாப்பேன். நீங்க நல்லவங்கன்னு இப்பத் தெரியும். இருந்தாலும் பாப்பேன்."

"பாருங்க" என்றேன். "எல்லாரையும் பாக்கச் சொல்றேன்."

மறுநாள் காலை, புது ஒயர் மாட்டிய கருவியை அலமாரியிலிருந்து எடுத்துக் காதரிடம் நீட்டினேன். அவர் அதை மேசைமேல் வைத்தார். செருகியில் தொடங்கி, கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே ஒயரைப் பிடித்து, அங்குலம் அங்குலமாக நகர்த்தினார். மடிப்பு வந்த இடத்தில் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். கைப்பிடியின் வாயருகே வந்ததும் விரலை மோந்து பார்த்தார். அவருக்குப் பின்னால் அந்தோணி தம்முடைய முறைக்காகக் காத்து நின்றார். ஆட்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் முகம் சுட்டது. நான் அங்கிருந்து நகரவில்லை. காதரும் அவசரப்படவில்லை.